வாசலில் விட்டுவந்த வகுப்பறை

பட்டதாரி ஆசிரியர் ஒருவர் எம்.எஸ்சி. கணிதத்தில் சேர்ந்திருக்கிறார் என்ற செய்தி ஆசிரியர் அறைக்கு வந்தால், சில ஆண்டுகளுக்கு முன்புவரை தமிழ்நாட்டில் உடன் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்பார்கள். "துறை அனுமதி வாங்கிட்டீங்களா சார்?" "இது முதல் இன்சென்டிவா, ரெண்டாவதா?" எந்தத் தாள் பிடித்திருக்கிறது, எதைத் தெரிந்துகொள்ள இந்தப் படிப்பில் சேர்ந்தீர்கள் என்று கேட்கிறவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். கேட்பவர்கள்மீது குற்றமில்லை. பல பத்தாண்டுகளாக அந்தப் படிப்புக்கு அரசு ஆவணங்களில் இருந்த அடையாளம் அதுதான்: உயர்கல்வித் தகுதிக்கான ஊக்க ஊதிய உயர்வு. பணிக்காலத்தில் இரண்டு முறை வாங்க முடிந்தது. பட்டம் முடித்து, பல்கலைக்கழகத்துக்கு எழுதி உண்மைத்தன்மைச் சான்று வரவழைத்து, பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அந்தப் படிப்பின் வேலை முடிந்தது. 2020 மார்ச்சில் அந்த முறை ரத்தானது. பின்னர் ஒரே தவணையில் ஒரு தொகை என்று மாறியது.

பணத்தைப் பேசுவதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. படித்து வந்தவருக்குக் கூடுதல் ஊதியம் தருவது நல்ல வழக்கம்; அதை நிறுத்தியிருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ஆனால் ரத்து அறிவிப்பை ஒட்டி நடந்த வாதங்களில், என் காதில் விழுந்தவரை, ஒரு குரல் இல்லாமலே இருந்தது. 'ஆசிரியர்கள் மேற்படிப்பு படிப்பதை நிறுத்திவிட்டால் வகுப்பறையில் இன்னது குறையும், இந்தப் பிள்ளைக்கு இன்னது கிடைக்காமல் போகும்' என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோர் இத்தனை ஆண்டுகள் கண்விழித்துப் படித்த படிப்பு, ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் கையைக் காட்டிச் சொல்லும்படியான தடம் எதையும் விடவில்லை என்றால், எங்கே பிசகியது என்று கேட்டாக வேண்டும்.

படித்தவர்களிடம் பிசகில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அஞ்சல்வழிப் பட்டம் என்றதும் உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு தலைமுறையின் கதை தெரியாது. கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் வசதி இல்லை. இரண்டே வருடத்தில் வேலைக்குப் போகலாம் என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அப்படி இருபது வயதை ஒட்டி ஒன்றாம் வகுப்பின் முன் வந்து நின்ற இடைநிலை ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கல்லூரி என்பது தபாலில்தான் வந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல். சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல். பழுப்புக் காகிதம் சுற்றிய பாடக்கட்டு ஒன்று தபால்காரர் கையில் வந்து இறங்கும். பிள்ளைகளைத் தூங்கவைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கி வைத்த பிறகு அதைப் பிரித்துப் படித்த ஆசிரியைகளை எனக்குத் தெரியும். எம்.ஏ. தமிழ் முடித்த ஓர் ஆசிரியை, சங்கப் பாடல் ஒன்றை முதன்முறையாகத் தானே பொருள் பிரித்துப் படித்த இரவைப் பற்றி என்னிடம் சொன்னபோது, ஊக்க ஊதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பசி உண்மையானது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நாம் எதைப் பரிமாறினோம் என்பதுதான் கேள்வி.

நேர்முக வகுப்பு நடக்கும் ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கல்லூரியின் நீண்ட கூடம். டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக எண்பது பேர். வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் கடந்த ஐந்து வருடக் கேள்வித்தாள் கட்டு. வந்திருக்கும் பேராசிரியருக்கு ஐந்து அலகுகளையும் இரண்டு நாளில் முடித்தாக வேண்டும். அவரும் என்ன செய்வார், எந்த அலகிலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று குறித்துக் கொடுக்கிறார். அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொருவரும் பத்து, பதினைந்து ஆண்டுகள் குழந்தைகள் செய்யும் பிழைகளைப் பார்த்துப் பழகியவர்கள். எந்த இடத்தில் வகுப்பு முழுதும் தடுமாறும், எந்தக் கணக்கில் முதல் பெஞ்சுப் பிள்ளையும் சறுக்கும், எந்தப் பாடத்தை எவ்வளவு நடத்தினாலும் அடுத்த வருடம் காணாமல் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். கல்வியைப் பற்றி ஆராய்கிற எந்த நிறுவனமும் விலை கொடுத்து வாங்க முடியாத அறிவு அது. ஆனால் கூடத்துக்குள் நுழையும்போது அதை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். இருபத்திரண்டு வயதில் பட்டம் முடித்த கையோடு வரும் மாணவருக்கும் அவர்களுக்கும் ஒரே பாடம், ஒரே கேள்வித்தாள்.

இதனால் என்ன இழப்பு என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஏழாம் வகுப்பில் தசம எண்கள் நடக்கின்றன. இரண்டு எண்களில் எது பெரியது என்று பத்துக் கேள்வி. ஒரு சிறுவன் 0.45, 0.6 இரண்டில் 0.45தான் பெரியது என்கிறான். காரணம் கேட்டால், நாற்பத்தைந்து ஆறைவிடப் பெரியதில்லையா என்று நம்மையே கேட்கிறான். அவனைப் பொறுத்தவரை புள்ளி என்பது இரண்டு முழு எண்களுக்கு நடுவே போட்ட வேலி. அவன் அப்படி நினைக்க நியாயமும் இருக்கிறது. ரூ.7.50 என்பதை ஏழு ரூபாய் ஐம்பது காசு என்றுதான் வீட்டில் படிக்கிறார்கள். கிரிக்கெட்டில் 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவர், ஐந்து பந்து. அடுத்த பந்து விழுந்தால் ஐந்து ஓவர். அவன் தினமும் பார்க்கும் புள்ளிகள் எல்லாம் வேலிகளாகவே இருக்கின்றன.

அதே வகுப்பில் ஒரு சிறுமி 0.6தான் பெரியது என்று சரியாகச் சொல்கிறாள். ஆசிரியை டிக் அடித்துவிட்டு நகர்கிறார். ஆனால் அதே சிறுமி 0.3, 0.75 இரண்டில் 0.3தான் பெரியது என்றும் எழுதியிருக்கிறாள். பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னது என்று பின்னத்தில் படித்தது அவளுக்கு நன்றாக மனத்தில் பதிந்திருக்கிறது. அதனால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வந்தாலே அது நூறின் கூட்டம், சின்னது என்று முடிவு செய்துகொண்டாள். பாடத்தைக் கவனித்ததால் விளைந்த பிழை. 0.75, 0.3 கேள்வியில் அந்தச் சிறுவன் சரியாக எழுதியிருப்பான், தன் தவறான காரணத்தாலேயே. பத்துக் கேள்விகளில் இரண்டு வகையும் சரிபாதியாக இருந்தால் இருவருக்கும் பத்துக்கு ஐந்து. மதிப்பெண் பதிவேட்டில் இருவரும் ஒன்று. உள்ளேயோ ஒருவர் எண்ணம் மற்றவர் எண்ணத்துக்கு நேர் எதிர். இருவருக்கும் ஒரே மறுபயிற்சி கொடுத்தால் ஒருவரின் பிழை இன்னும் கெட்டியாகும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் பல ஆண்டுகள் மாணவர்களைப் பின்தொடர்ந்து இந்தப் பிழைகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் ஏழாம் வகுப்பு எடுக்கும் எந்த ஆசிரியையின் மேசையிலும் அதற்கான மூலப்பொருள் நோட்டு நோட்டாக அடுக்கிக் கிடக்கிறது.

இப்போது அந்த ஆசிரியை எம்.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெய்ப்பகுப்பாய்வுத் தாளில் கேன்டரின் மூலைவிட்ட நிரூபணம் வருகிறது. 1891இல் அவர் வெளியிட்ட அந்த வழியைப் பாடநூல்கள் தசம எண்களைக் கொண்டு சொல்கின்றன. மெய்யெண்களை எல்லாம் ஒரு பட்டியலாக எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள். முதல் எண்ணின் முதல் இலக்கத்தையும், இரண்டாவதன் இரண்டாம் இலக்கத்தையும் இப்படியே மாற்றிக்கொண்டு போனால் பட்டியலில் இல்லாத புதிய எண் ஒன்று கிடைக்கும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு: மாற்றும்போது ஒன்பதையும் பூஜ்யத்தையும் தவிர்த்துக்கொள். ஏனென்றால் 0.4999… என்று முடிவில்லாமல் போவதும் 0.5 என்பதும் ஒரே எண். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இந்த வரியை அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். விட்டுவிட்டால் ஒரு மதிப்பெண் போகும்.

அந்த எச்சரிக்கை சொல்வது என்ன? எண் வேறு, எண்ணை எழுதுகிற விதம் வேறு. ஒரே எண்ணுக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் இருக்கலாம். வடிவத்தின் நீளத்துக்கும் எண்ணின் அளவுக்கும் நேரான உறவு இல்லை. ஏழாம் வகுப்புச் சிறுவனும் சிறுமியும் தடுக்கி விழுந்ததும் இதே இடத்தில்தான். எழுதியிருப்பதன் நீளத்தைப் பார்த்து எண்ணை எடைபோட்டார்கள். கேன்டரின் நிரூபணத்திலும் கவனமில்லாதவர்கள் அங்கேதான் விழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை படித்ததும் திங்கள்கிழமை திருத்தியதும் ஒரே விஷயம். ஆசிரியை இரண்டையும் தன் கையாலேயே தொட்டிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று அவருக்கு யாரும் காட்டவில்லை, அவர் கண்டுபிடித்துக்கொள்ள நேரமும் கொடுக்கவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய விரயம் தெரியாது.

நூறாண்டுக்கு முன்பே இதைக் கண்டு கவலைப்பட்டவர் ஒருவர் உண்டு. ஃபெலிக்ஸ் கிளைன், ஜெர்மானியக் கணித மேதை, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆசிரியர்களுக்காகவும் ஆசிரியராகப் போகிறவர்களுக்காகவும் சொற்பொழிவுத் தொடர் நடத்தினார். தொடக்கநிலைக் கணிதத்தை உயர்நிலையில் நின்று பார்க்கும் அந்த நூலின் முதல் பகுதி 1908இல் வந்தது. பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிற இளைஞனுக்கு அங்கே படிப்பது பள்ளியில் படித்ததோடு ஒட்டுவதில்லை. ஆசிரியராகத் திரும்பும்போது பல்கலைக்கழகத்தில் படித்தது பள்ளியோடு ஒட்டுவதில்லை. ஆக முறிவு இரண்டு இடத்தில் என்றார். அவர் காலத்தின் முன்னணிக் கணிதவியலாளர்களில் ஒருவர், கூட்டலும் பின்னமும் மடக்கையும் பற்றிப் பேச உட்கார்ந்ததைத் தகுதிக் குறைவாக நினைக்கவில்லை. நம் முதுகலைப் பாடத்திட்டங்களை வகுக்கும் குழுக்களில் அந்த மனம் வர வேண்டும். கேன்டரைக் குறைக்க வேண்டாம். அவரோடு ஏழாம் வகுப்பு நோட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்கிறேன்.

பட்டம் ஏறினால் கற்பித்தலும் தானே ஏறிவிடும் என்ற நம்பிக்கையை உலுக்கிய இன்னொரு நூல், லிப்பிங் மா என்ற சீனப் பெண்மணி 1999இல் வெளியிட்டது. தொடக்கப் பள்ளிக் கணக்குகளைப் பற்றி அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் எடுத்த நேர்காணல்களை அதில் ஒப்பிட்டார். அந்தக் கணக்குகளில் ஒன்று: ஒன்றே முக்காலை அரையால் வகுக்க வேண்டும், அதற்குப் பொருந்தும்படி ஒரு கதைக் கணக்கும் சொல்ல வேண்டும். அமெரிக்கர்களில் பாதிப் பேர்கூட விடையைச் சரியாக முடிக்கவில்லை. கதை சொல்ல முனைந்தவர்களில் பலர் அரையால் வகுப்பதையும் பாதியாகப் பிரிப்பதையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டார்கள். சீனர்கள் 72 பேருமே விடை சொன்னார்கள். பெரும்பாலோர் கதையும் சொன்னார்கள். நம் ஊர்ப்படி சொன்னால், ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாத்திரத்தால் அளந்து ஊற்றினால் மூன்றரைப் பாத்திரம் வரும். பள்ளி, கல்லூரியில் படித்த ஆண்டுகளைக் கணக்கிட்டால் அமெரிக்கர்கள்தான் கூடுதல். சீனத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டு ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள், நம் இடைநிலை ஆசிரியர்களைப் போல. வித்தியாசம் வேலைக்கு வந்த பிறகு உண்டானது. அங்கே ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து பாடநூலை வரி வரியாகப் பிரித்துப் படிப்பது அன்றாட வேலையின் பகுதி.

இந்த ஆய்வைவிட அதைச் செய்தவரின் வாழ்க்கை என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஷாங்காயிலிருந்து ஒரு ஏழைக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டபோது லிப்பிங் மா எட்டாம் வகுப்பு மாணவி. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள், ஆசிரியரானார். பல ஆண்டுகள் கழித்துத்தான் முதுகலை, அதன்பின் அமெரிக்கா, ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம். கிராமத்துப் பள்ளியை அவர் வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகவில்லை. ஆசிரியருக்குப் பாட அறிவு, கற்பிக்கும் உத்தி என்ற இரண்டுக்கும் அப்பால், இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எப்படித் திறப்பது என்ற தனி அறிவு ஒன்று உண்டு என்று 1986இல் எழுதிய லீ ஷூல்மன் அங்கே அவருக்கு வழிகாட்டி. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் அனுபவத்திலிருந்து எழுந்த கேள்வியோடு பல்கலைக்கழகத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் அந்தக் கேள்வியை மதித்தது. உலகெங்கும் கணிதக் கல்வி பேசப்படும் இடங்களில் இன்றும் அந்த நூல் கையில் இருக்கிறது.

நம் பக்கம் வருவோம். எம்.எட்., எம்.பில். ஆய்வேடுகளை நான் புரட்டியிருக்கிறேன். கறுப்பு ரெக்சின் அட்டை, பொன்னெழுத்து. இன்ன மாவட்ட மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் கணித மனப்பான்மையும் கல்வி அடைவும் என்பது போலத் தலைப்பு. முந்நூறு மாணவர்கள், ஆண் பெண், நகர்ப்புறம் கிராமப்புறம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று பிரிவுகள். பிரிவுக்கு ஓர் இன்மைக் கருதுகோள், கருதுகோளுக்கு ஒரு டி மதிப்பு, குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு அல்லது இல்லை என்று ஒரு வரி. ஐந்தாம் அத்தியாயத்தில் அரசுக்கும் பெற்றோருக்கும் பரிந்துரை. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் மாவட்டத்தின் பெயர் மட்டும் மாறும். எழுதியவர் ஆசிரியர். தன் வகுப்பை அடுத்த வகுப்போடு சேர்த்து உட்காரவைத்துவிட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத பள்ளிகளில் தெரியாத பிள்ளைகளிடம் வினாநிரல் கொடுத்து வாங்கியிருப்பார். அவர் வேறு மாதிரி செய்ய விரும்பியிருந்தாலும் 'மாதிரி சின்னது, டேட்டா பத்தாது' என்று வழிகாட்டி திருப்பி அனுப்பியிருப்பார். புள்ளியியல்மேல் எனக்குப் பகையில்லை. முந்நூறு பேரைப் பற்றி எதையோ சொல்லத் தெரிந்த ஒருவர், தன் முன்னே இருக்கும் நாற்பது பேரைப் பற்றி எழுத ஒரு பக்கம்கூடக் கிடைக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

ஆசிரியரே தன் வகுப்பை ஆராயட்டும் என்பதைப் பிரிட்டனில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் வெளியிட்ட நூலில் ஆணித்தரமாகச் சொன்னார். பாடத்திட்டம் என்பதே வகுப்பறையில் சோதித்துப் பார்க்க வேண்டிய கருதுகோள், சோதிக்க வேண்டியவர் ஆசிரியர் என்பது அவர் கட்சி. எதிர்வாதங்களும் வலுவானவை. நாற்பது பேரை வைத்துக்கொண்டு என்ன நிறுவ முடியும்? தன் வகுப்பைத் தானே எடைபோடுகிறவருக்கு நடுநிலை எங்கிருந்து வரும்? முதல் கேள்விக்குத் தசம எண்ணே பதில்: அந்தச் சிறுமி எழுதியதை ஒருவர் விவரமாகப் பதிவு செய்தால், இன்னொரு ஊர் ஆசிரியர் தன் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளையைத் தேடுவார், கண்டுபிடித்தும் விடுவார். இரண்டாவது கேள்விதான் கடினமானது. நம் ஊரில் செயலாய்வு என்ற பெயரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வழியாக இந்தக் கருத்து வந்து சேர்ந்தது உண்மை. ஆனால் நான் படித்த செயலாய்வு அறிக்கைகள் எல்லாமே வெற்றியில் முடிகின்றன. முன்தேர்வில் குறைந்த மதிப்பெண், வண்ண அட்டையோ பாட்டோ காணொலியோ பயன்படுத்திய பிறகு பின்தேர்வில் கூடிய மதிப்பெண். தோற்றுப்போன முயற்சியை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. ஏன் தோற்றது என்று எழுதினால் மேலதிகாரி என்ன நினைப்பார் என்ற பயம் இருக்கும்வரை எழுதவும் மாட்டார்கள். பல்கலைக்கழகம் ஆசிரியருக்குத் தரக்கூடிய பெரிய கொடை இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கல்வித் துறையின் கண்ணுக்கு வெளியே, முயன்று பார்த்துப் பலிக்காததையும் நேர்மையாக எழுதலாம் என்ற இடத்தை அதுவே கொடுக்க முடியும்.

இன்னொரு கோணலும் இருக்கிறது. நம் அமைப்பில் மேற்படிப்பு என்பது சின்னப் பிள்ளைகளை விட்டு மேலே ஏறிப்போகும் ஏணி. இடைநிலை ஆசிரியர் பட்டமும் பி.எட்.டும் முடித்தால் பட்டதாரி ஆசிரியராகலாம், ஒன்றாம் வகுப்பை விட்டுப் போய்விடுவார். பட்டதாரி ஆசிரியர் முதுகலை முடித்துப் பதவி உயர்வுப் பேனலில் பெயர் வந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் போய்விடுவார். எவ்வளவு படிக்கிறோமோ அவ்வளவு தூரம் எழுத்துக் கூட்டுகிற பிள்ளையிடமிருந்து விலகிவிடுகிறோம். பின்லாந்தில் 1979 முதல் ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் தேவை. அதை எடுத்துக்காட்டாக எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் அங்கே பெரும்பாலானவர்கள் வேலைக்கு வருமுன் அதைப் படித்துவிடுகிறார்கள். நம் ஆசிரியர்களோ வகுப்பறையில் பத்தாண்டுகள் கழித்த பிறகு முதுகலைக்கு வருகிறார்கள். கேள்விகளோடு வருகிறார்கள். சரியாக அமைத்திருந்தால் நம் முதுகலை பின்லாந்தைவிட ஆழமாக இருந்திருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வருகின்றன. தொலைநிலையில் எம்.பில். படிக்கும் வழி 2009 விதிமுறைகளோடு அடைபட்டது. அதில் நடந்துவந்ததைப் பார்த்தால் அடைத்தது சரிதான். எம்.பில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் நிறுத்திவிட்டன. ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள் எம்.எட். படிப்பை இரண்டாண்டுகளாக்கின, தரத்துக்கு நல்லதுதான், ஆனால் பகலில் பள்ளிக்குப் போகிறவர் எப்படிச் சேர்வார்? மிஞ்சியிருப்பது குறும்பயிற்சிகள். ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. ஒரு மணி நேரக் காணொலி, ஐந்து கேள்வி, ஒரு சான்றிதழ் என்று துண்டு துண்டாக ஐம்பது மணி நேரத்தை நிரப்பிவிடலாம். ஆனால் அந்தச் சிறுமி ஏன் 0.3 பெரியது என்றாள் என்பதைப் பிடிக்க, வேறு வேறு கேள்விகள் கேட்டுப் பார்க்க, பிறர் என்ன கண்டார்கள் என்று படிக்க, அடுத்த ஆண்டு வேறு வழியில் நடத்திப் பார்க்க இரண்டு ஆண்டுகளாவது ஒரே கேள்வியோடு இருக்க வேண்டும். அந்த நீளத்தைக் கொடுப்பது முதுகலைப் படிப்பு ஒன்றுதான். அதனால்தான் அது கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

செய்து பார்க்காத விஷயமும் இல்லை இது. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2006இல் தொடக்கக் கல்விக்கென ஒரு முதுகலைப் படிப்பை ஆரம்பித்தது. ஏகலவ்யா, திகந்தர், வித்யா பவன் போன்ற, பள்ளிகளோடு நீண்டகாலம் உழைத்த அமைப்புகள் அதில் கைகோத்தன. வேலையை விடாமல் படிக்க முடிந்தது. விடுமுறையில் சில வாரங்கள் நேரில் கூடினார்கள், மற்ற நாட்களில் தங்கள் இடத்திலேயே படிப்பு. கணிதத்தைக் குழந்தை எப்படிப் புரிந்துகொள்கிறது, மொழியை எப்படிக் கற்கிறது என்பதெல்லாம் தனித்தனித் தாள்கள். பாடமொழி ஆங்கிலம் என்பதால் நம் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியருக்கு அது எட்டாத தூரமாக இருந்தது. தமிழில் அப்படி ஒன்றை நடத்த நம்மிடம் ஆள் இல்லையா? 2008இலிருந்து ஆசிரியர் கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இங்கே இருக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாவட்டங்களில் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. குறுவள மையங்களில் ஆசிரியர்கள் கூடிப் பேசிப் பழகிய சனிக்கிழமைகள் இருக்கின்றன.

நான் கேட்பது பெரிய கட்டடமோ புதிய ஆணையமோ அல்ல. ஐந்தாண்டாவது பணி முடித்தவர்களுக்கு மட்டுமான, தமிழில் எழுத அனுமதிக்கும் ஒரு முதுகலை. சேர்க்கை நாளில் பட்டச் சான்றிதழோடு, தன் வகுப்பில் தனக்குப் பிடிபடாத ஒரு விஷயத்தை இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவர வேண்டும். அதுவே நுழைவுத் தேர்வு. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் அதை முடித்த பிறகும் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்து உயர்ந்த ஊதியம் பெற வழி வேண்டும். வாரத்தில் அரை நாள் பள்ளியிலிருந்து விடுவிப்பு, அந்த அரை நாளுக்கு மாற்று ஆசிரியர். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் மறுபடியும் நள்ளிரவுப் படிப்பாகிவிடும், அதன் பாரம் பெரும்பாலும் பெண்கள்மேல்தான் விழும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பிள்ளைகளின் பெயரை மறைத்த விடைத்தாள் நகல்கள் இருக்க வேண்டும். வாய்மொழித் தேர்வைப் பல்கலைக்கழக அறையில் வைக்காமல் குறுவள மையத்தில் வைக்கலாம். வெளியிலிருந்து வரும் பேராசிரியர் ஒருவர். மற்ற தேர்வாளர்கள் அதே வகுப்பை அதே பாடத்தை நடத்துகிற பக்கத்து ஊர் ஆசிரியர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் கடுமையாகத்தான் இருக்கும். "உங்க பிள்ளைங்க அப்படிச் சொன்னாங்களா டீச்சர்? எங்க பிள்ளைங்க வேற மாதிரி சொல்றாங்களே" என்று ஒருவர் தன் பையிலிருந்து நோட்டுகளை எடுத்துப் போடுவார். தேர்வு அன்று முடியாது, இன்னொரு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகும்.